பாலை விதைக்கு உப்புப் போட்ட வருஷம்

நாற்றுமேடைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, பையில் மண் நிரப்புவது எப்படி, நிழல்வலை கட்டுவது எப்படி என்று நான் இதில் எழுதப் போவதில்லை. அதெல்லாம் ஒரு கிழமையில் உங்கள் கைக்குப் பழகிவிடும். மனம் பழகத்தான் நாள் எடுக்கும். ஒரு நாள் காலையில் வந்து பார்ப்பீர்கள், முளைக்க வேண்டியது முளைத்திருக்காது. வாசலில் வாகனம் வந்து நிற்கும். பக்கத்தில் நிற்கிறவள் அழத் தொடங்குவாள். அந்த நேரத்தில் என்ன செய்வதென்று யாரும் படிப்பித்துத் தருவதில்லை. எனக்கு எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பாடம் எழுத எனக்குத் தெரியாது, நடந்ததைச் சொல்லத் தெரியும். மடுக் கோவில் மாதாவை மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

சண்டை முடிந்து சனங்கள் ஊர் திரும்பிய காலம் அது. வீடு நின்ற இடத்தில் வீடு இல்லை, மரம் நின்ற இடத்தில் மரம் இல்லை. தகரக் கொட்டில்களுக்குள் பகலில் மனிதர் இருக்க முடியாது. அப்போதுதான் உயிலங்குளத்துக்குப் பக்கத்தில், வயலோரத்துக் காணித் துண்டொன்றில், மீள்குடியேற்றத் திட்டமொன்றில் இந்த நாற்றுமேடையைத் தொடங்கினார்கள்; எங்கள் வாயில் அது நேசறி. காட்டுப் பழமரங்கள், நிழல்மரங்கள், ஒருமுறை நட்டால் பல வருஷம் கறிக்கு இலை தருகிற செடிகள் எல்லாவற்றையும் விதை போட்டு முளைக்கவைத்துக் குடியேறிய சனங்களுக்குக் கொடுக்க வேண்டும். நாங்கள் குடியிருப்பது தீவில், அங்கே கிணற்றுத் தண்ணீர் உவர். அதனால்தான் இடம் பெருநிலத்தில். நாங்கள் ஓலைத்தொடுவாயிலிருந்து விடிய பஸ் ஏறி, பாலம் கடந்து வேலைக்கு வருவோம்.

வேலைக்குச் சேர்ந்த பெண்களில் அநேகர் கடற்கரைக் குடும்பங்கள். எங்களுக்கு வலை தெரியும், மீன் தெரியும், கருவாடு தெரியும். மரமென்றால் பனை தெரியும். மற்றதெல்லாம் தின்னத்தான் தெரியும். வயதில் மூத்தவள், சத்தமாகக் கதைக்கிறவள் என்ற இரண்டு தகுதியில் என்னைப் பொறுப்பாக வைத்தார்கள்.

எங்களை மேற்பார்க்க ஓர் உத்தியோகத்தர் இருந்தார். நாங்கள் ஐயா என்று கூப்பிட்டாலும் வயதில் என் தம்பியைப் போன்றவர். மரத்தைப் பற்றிப் படித்தவர், நல்ல மனிதர். எங்களோடு நிலத்தில் குந்தியிருந்து பிளேன்டீ குடிப்பார். எங்கள் கூட்டத்தில் சலோமை என்று ஒருத்தி. அவளுடைய புருஷனுக்குக் கடலில் கால் அடிபட்டு, அவர் தொழிலுக்குப் போய் நெடுநாள். இரண்டு பொம்பிளைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அவளுடைய சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. நன்றாகச் சிரிக்கிறவள். வேலையில் கெட்டிக்காரி. அவளைப் பற்றித்தான் இந்தக் கதை.

முதலில் எங்களுக்கு வந்தது அகத்தி, முருங்கை, தூதுவளை விதைகள். சலோமை அவற்றைச் சுத்தம் பண்ணி, பாயில் பரப்பி, வெயில் திரும்பத் திரும்பப் பாயையும் திருப்பிப் போட்டு, கருவாடு காய வைக்கிற பதத்தில் காய வைத்தாள். ஒரு பூஞ்சணம் இல்லை, ஒரு வண்டு இல்லை. போட்ட விதை எல்லாம் முளைத்தது. ஐயா பார்த்துவிட்டு, "ஆர் இதைக் காய வைச்சது? வலு திறம்!" என்றார். சலோமைக்குத் தலை கால் தெரியவில்லை. "நாங்கள் காய வைக்காததோ ஐயா? சீலா, பாரை, திருக்கை எல்லாம் எங்கட பாயில கிடந்து எழும்பினதுதானே!"

பிள்ளைகளே, அந்தப் பாராட்டில்தான் வினை தொடங்கியது. ஒரு விதையில் சரிவந்தது எல்லா விதைக்கும் சரிவரும் என்று நாங்கள் நினைத்துவிட்டோம்.

அடுத்து வந்தது பாலை. அந்தத் திட்டத்துக்கே பாலைதான் முக்கியம். குளக்கட்டு ஓரத்திலும் புதுக் குடியிருப்புகளிலும் நட எல்லோரும் கேட்டது அதைத்தான். வெயிலுக்கு அசையாத மரம், பிள்ளைகளுக்குப் பழம், ஆடுமாட்டுக்கு நிழல். ஐயா வன்னிப் பக்கத்திலிருந்து பாலைப்பழத்தைச் சாக்குச் சாக்காக வாங்கி இறக்கிவிட்டு, "பழத்தை நீங்கள் தின்னுங்கோ, கொட்டையை எனக்குத் தாங்கோ" என்று சொல்லிவிட்டுக் கூட்டமொன்றுக்குக் கொழும்புக்குப் போய்விட்டார்.

அன்று நாங்கள் தின்ற தீனை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது. பாலைப்பழம் தேன் மாதிரி இனிக்கும். ஆனால் அதன் பால் உதட்டில் பசை மாதிரிப் பிடிக்கும். மத்தியானம் மணி பன்னிரண்டுக்குத் திரிகாலச் செபம் சொல்ல எழும்பி நின்றோம். நான் தொடங்குகிறேன், வாய் திறக்கவில்லை. மற்றவர்களும் ம்ம் ம்ம் என்கிறார்கள். மாதாவுக்கு அன்றைக்கு எங்கள் செபம் மூக்கு வழியாகத்தான் போனது. பிறகு தேங்காய் எண்ணெய் பூசித்தான் உதடு பிரிந்தது.

கொட்டைகளிலும் அதே பசை. பாயில் பரப்பியதும் இலையானும் எறும்பும் வந்து மொய்த்துவிட்டன. எங்கள் ஊரில் ஈ மொய்க்கிற ஒன்றுக்கு என்ன செய்வோம்? சலோமை ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. குசினிக்குள் போய் உப்புப் பையை எடுத்து வந்தாள். மீனுக்குத் தூவுகிற மாதிரி ஒரு படை கொட்டை, ஒரு பிடி உப்பு, மேலே இன்னொரு படை கொட்டை. பிறகு நல்ல வெயிலில் காய்ச்சல். எறும்பெல்லாம் ஓடிவிட்டது. நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். ஒருத்திக்காவது இது பிழை என்று தோன்றவில்லை. "கெட்டிக்காரியடி நீ" என்று நான்கூடச் சொன்னேன். உப்புப் படாமல் எங்கள் ஊரில் ஒன்றும் வெயிலுக்குப் போவதில்லை.

கழுவி மேடையில் போட்டோம். தண்ணீர் ஊற்றினோம். காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. பாலை மெதுவாகத்தான் வரும் என்று ஐயாவே சொல்லியிருந்தபடியால் இன்னும் காத்திருந்தோம். கடைசியில் ஐயா வந்து, மேடையில் கை விட்டு ஒரு கொட்டையை எடுத்து, கத்தியால் பிளந்து பார்த்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய பருப்பு மண்ணிறமாகச் சுருங்கிக் கிடந்தது. இன்னொன்றைப் பிளந்தார். அதுவும் அப்படித்தான். மூன்றாவதை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தவர், முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, உப்பு கரிக்குது?"

யாரும் வாய் திறக்கவில்லை. இந்தமுறை பசை ஒன்றும் இல்லை.

"காய வைக்கேக்க உப்புப் போட்டனீங்களோ?"

"ஓம் ஐயா" என்றேன் நான்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு வரம்பில் இருந்துவிட்டார். பிறகு பொறுமையாக எங்களுக்கு விளங்கப்படுத்தினார். அகத்தியும் முருங்கையும் காய்ந்தால் நித்திரை கொள்ளும், தண்ணீர் பட்டால் எழும்பும். பாலையும் நாவலும் அப்படியில்லை. பழத்தால் எடுத்த கையோடு ஈர மண்ணுக்குப் போக வேண்டும். காய்ந்தாலே உயிர் போய்விடும். அதற்கு மேல் உப்பும் போட்டால் கேட்கவா வேண்டும்!

"ஆர் செய்தது?"

நான் சொன்னேன்: "ஐயா, இஞ்ச நான்தான் பொறுப்பு. என்ர கண்ணுக்கு முன்னாலதான் நடந்தது."

"நானும் நிண்டனான்" என்றாள் ஒருத்தி. "நானும் ஒரு பிடி போட்டனான்" என்றாள் இன்னொருத்தி. கடைசியில் ரஹீமாவும் முன்னுக்கு வந்து, "நானும்தான் ஐயா" என்றாள்.

ஐயா அவளைப் பார்த்தார். "நீங்கள் அப்ப வேலைக்கே சேரேல்லையே!"

"இருந்திருந்தா நானும் போட்டிருப்பன்தானே ஐயா. நாங்களும் கடக்கரைதான்."

ரஹீமா முசலிப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை. பல வருஷம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம். எங்களோடு சேர்ந்து சில நாள்தான் ஆகியிருந்தது. அவள் சொன்னதைக் கேட்டு ஐயா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. ஆனால் சிரித்து முடிந்ததும் முகம் மாறிவிட்டது.

"அக்கா, நான் ஒளிக்காமல் சொல்லுறன். மாரி தொடங்கிறதுக்கு முன்னம் மேலிடத்தில இருந்து பார்க்க வருவினம். இந்த வருஷம் சும்மா பரீட்சைதான், சரிவராட்டி மூடிப்போடுவினம். பாலை மேடை அப்ப வெறுமையாக் கிடந்தா, விதையை ஆர் பழுதாக்கினது எண்டு நான் எழுதிக் குடுக்கோணும். அந்த ஆளை நிப்பாட்டச் சொல்லுவினம். என்ர கையில ஒண்டும் இல்லை."

அவர் போன பிறகு சலோமை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் நாளைக்கே போய்ச் சொல்லிப்போட்டு நிக்கிறன். என்னால நேசறியை மூடக்கூடாது."

"நிண்டுபோட்டு? வீட்டில என்னத்தைக் காய வைப்பாய்?"

"உப்பு நிறையக் கிடக்கு" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். அப்படிப்பட்டவள் அவள்.

நான் அவளை அன்றைக்குப் போக விடவில்லை. உங்களுக்கும் சொல்கிறேன். பிழை தெரிந்த அந்த நிமிஷத்தில் யாரையும் வீட்டுக்கு அனுப்பாதேயுங்கோ. பிழை செய்த கைதான் அதைத் திருத்த எல்லோரையும் விட வேகமாக ஓடும்.

ஆனால் எங்கே ஓடுவது? பாலைப்பழ நாள் முடிகிற நேரம். சந்தையில் தேடினோம், இல்லை. காட்டுக்குள் போய்ப் பொறுக்கலாமென்றால் அப்போது பாதிக் காடு கண்ணிவெடி எடுத்து முடியாத காடு. எச்சரிக்கைக்கு நட்ட சிவப்புக் கட்டைக்கு அங்கால் மரம் நிறையப் பழம் மஞ்சளாகத் தெரியும், கால் வைக்க முடியாது. கண்ணால் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தோம்.

ஆவணித் திருவிழா வந்தது. ஒவ்வொரு வருஷமும் போல நான் மடுவுக்குப் போக வெளிக்கிட்டேன். சலோமையும் வந்தாள், மாதாவிடம் அழ. பஸ்ஸால் இறங்கி நடக்கிறோம். பாதையின் இரண்டு பக்கமும் பெண்கள் கடகத்தில் பாலைப்பழம் வைத்து விற்கிறார்கள். அந்த வருஷம் மழை பிந்தினபடியால் உள்காட்டுப் பழம் பிந்திப் பழுத்திருக்கிறது. சனம் வாங்கித் தின்று தின்று கொட்டையைத் துப்பிக்கொண்டே கோவிலுக்குப் போகிறது. மரத்தடிக் கூடாரங்களுக்கு முன்னால் கொட்டை, தண்ணீர்க் குழாயடியில் கொட்டை. சலோமை நடுவழியில் நின்றுவிட்டாள்.

"அக்கா, நாங்கள் தேடினது எல்லாம் இஞ்ச துப்பிக் கிடக்கு!"

இரண்டு பேராகப் பொறுக்கத் தொடங்கினோம். ஆனால் அத்தனை சனத்தின் கால் மிதித்து நசுக்கியதில் நல்லதைத் தேடி எடுப்பது சுலபமில்லை. துப்ப முதலே வாங்க வேண்டும். நான் அறிவித்தல் கொட்டிலுக்குப் போனேன். காணாமல்போன பிள்ளைகளையும் பூட்டுத் திறப்புக் கோர்வைகளையும் ஒலிபெருக்கியில் சொல்லுகிற அண்ணர் ஒருவர் அதற்குள் வேர்த்து விறுவிறுத்துப்போய் இருந்தார்.

"அண்ணை, பாலைப்பழம் தின்னுறவை கொட்டையைத் துப்பாமல், பெரிய வீரைமரத்தடியில எங்களிட்டத் தரச்சொல்லி ஒருக்காச் சொல்லுவியளோ?"

"பிள்ளையள் துலைஞ்சு கிடக்குதுகள். உங்களுக்குக் கொட்டையோ?"

"பிள்ளையளைச் சொல்லிப்போட்டு இதையும் சொல்லுங்கோவன்."

அவருக்கு நேரமில்லை. நான் சொன்னதில் பாதிதான் காதில் ஏறியது போல. நீலச் சட்டை போட்ட பையனைத் தாய் தேடுகிறார் என்று சொல்லிவிட்டு, அதே மூச்சில், "பாலைப்பழ விதைகளைக் கொண்டுவருகிறவர்கள் பெரிய வீரைமரத்தடியில் ஒப்படைக்கலாம்" என்றார். யாருக்கு, எதற்கு என்று ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் மரத்தடியில் சாக்கை விரித்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு தாய் வந்தார். கையில் ஒரு சுண்டு, இரண்டு கைப்பிடி அளவு கொட்டை, கழுவித் துடைத்தது. சாக்கில் போட்டுவிட்டு முழங்காலில் இருந்து சிலுவை அடையாளம் போட்டார். பின்னால் வந்தவர் பக்கத்தில் மெழுகுதிரி கொளுத்தினார். அதற்குப் பிறகு வரிசை. மூன்றாவது ஆள் தன் பிள்ளையின் காய்ச்சலைச் சொல்லி அழுதபோதுதான் எனக்கு விளங்கியது. சனம் இதை நேர்த்தி என்று நினைத்துவிட்டது. மாதாவுக்குப் பாலை விதை காணிக்கை!

சாக்கு நிரம்பிக்கொண்டு வருகிறது. சலோமை என் காதுக்குள் சொன்னாள்: "அக்கா, பேசாமல் இருங்கோ. மாதா தாறா. வாங்குவம்."

என் மனமும் அதைத்தான் சொன்னது. ஒரு பொய்யும் நாங்கள் சொல்லவில்லை. வாய் மூடி இருந்தால் போதும், சலோமையின் வேலை தப்பும். ஆனால் அந்தத் தாயின் அழுகை மாதாவுக்கு வந்தது. எனக்கு வந்ததல்ல. மற்றவருடைய கண்ணீரை வாங்கி என் சாக்கில் போட எனக்குப் பயமாக இருந்தது. வேலை போனால் வேறு வேலை தேடலாம். கோவில் முற்றத்தில் சனத்தை ஏமாற்றிவிட்டு வீட்டில் எந்த முகத்தோடு செபமாலையைக் கையில் எடுப்பது?

எழும்பி நின்றேன். சத்தமாகக் கதைக்கிறவள் என்று சொன்னேனே, அது அன்றைக்கு உதவியது.

"ஆக்களே, கேளுங்கோ! இது நேர்த்தி இல்லை. நாங்கள் உயிலங்குளத்து நேசறிக்காரர். பாலைக் கண்டு வளர்க்கத்தான் கொட்டை சேர்க்கிறம். தெரியாமல் தந்திருந்தா திருப்பி எடுங்கோ. மெழுகுதிரியைக் கோயிலுக்குக் கொண்டு போங்கோ. எங்களை மன்னிச்சுக்கொள்ளுங்கோ!"

வரிசை அப்படியே நின்றது. ஒரு வயோதிபர், "கோயில் வளவில என்ன கூத்து இது?" என்று ஏசிவிட்டுத் தன் கொட்டை சுற்றிய கடதாசிச் சரையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். இன்னும் சிலர் கலைந்தார்கள். சலோமை முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அப்போது வெள்ளாங்குளத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மா முன்னுக்கு வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப கண்டு போட்டு என்ன செய்வியள்?"

"குடியேறின சனத்துக்குக் குடுப்பம் அம்மா."

"சும்மாவோ?"

"சும்மாதான்."

"எங்கட வளவில ஒரு காகம் இருக்க மரமில்லை. அதை முதலே சொல்லுறதுக்கென்ன? அறிவித்தல்காரர் சொன்னதைக் கேட்டு நான் ஏதோ புது நேர்த்தியாக்கும் எண்டு பயந்துபோய் அரைக் கிலோப் பழம் அவசரப்பட்டுத் திண்டனான். இந்தா உதடு ஒட்டிக்கொண்டு கிடக்கு!"

கலைந்து போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும். அந்த அம்மாவே பக்கத்துக் கூடாரங்களுக்குப் போய்ச் சொல்லத் தொடங்கினார். அதற்குப் பிறகு வந்தது முன்னைய வரிசையை விடப் பெரிது. சிங்களத் தாய் ஒருவர் சேலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்து, "பலு, பலு" என்றார். நான் "பாலை, பாலை" என்றேன். இருவரும் தலையாட்டினோம். அவர் என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார். அறிவித்தல் அண்ணரும் கடைசியில் ஒரு கடதாசிச் சரையோடு வந்தார். "நானும் திண்டனான்" என்று மட்டும் சொன்னார்.

ஆனால் சனம் பாலை மட்டும் தரவில்லை. நாவல், வீரை, விளா, இலந்தை, கறிக்குக் கரைத்த புளியின் கொட்டை, மாங்கொட்டை என்று கையில் அகப்பட்டதெல்லாம் சாக்குக்குள் வந்தது. முசுட்டை விதை ஒரு சின்ன முடிச்சு, யார் தந்தது என்று இன்றைக்கும் தெரியாது. விதையைக் காய விடாமல் சாக்கை நனைத்து நனைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். பக்கத்தில் இருந்தவர் சாரம் நனைந்து எங்களைப் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது.

நாற்றுமேடையில் ரஹீமா, இருந்த பைகளுக்கெல்லாம் மண் நிரப்பி, வரிசையாக அடுக்கி, தண்ணீரும் தெளித்து வைத்திருந்தாள். "உங்கட மாதா தந்தாவோ அக்கா?" என்றாள். "தந்தா" என்றேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். உடனே வேலையைத் தொடங்கினோம்.

அங்கே ஒரு யோசனை வந்தது. ஐயா கேட்டது பாலை. மேடை இருந்ததோ கொஞ்சம். மற்ற விதைகளை எறிந்துவிட்டுப் பாலையை மட்டும் போடுவோமா? சலோமை அப்படித்தான் சொன்னாள், அவளுக்கு உயிர் பாலையில். நான் ரஹீமாவைப் பார்த்தேன். அவள் சொன்னாள்: "சந்தைக்குப் போற ஆரும் ஒரு மீனை மட்டும் நம்பிப் போறதில்லையே." அது சரியாகப் பட்டது. எல்லாவற்றையும் போட்டோம். பை முடிந்த பிறகு உடைந்த வாளியிலும் மாப்பேணித் தகரத்திலும் போட்டோம். பிள்ளைகளே, ஒரே மரத்தை நம்பாதேயுங்கோ. ஆண்டவரே இந்தக் காட்டை ஒரே மரமாகப் படைக்கவில்லை.

பிறகு காத்திருப்பு. அது உப்பை விடக் கொடிது. புளி முளைத்தது, நாவல் முளைத்தது, மாப்பேணிக்குள் மாங்கன்று சிவந்த இலையோடு எழும்பியது. பாலை மட்டும் அசையவில்லை. சலோமை காலையில் வந்ததும் பாலைப் பைகளுக்குப் பக்கத்தில் குந்திவிடுவாள். ஒரு நாள் விரலால் மண்ணைக் கிண்டப் போனாள். ரஹீமா அவளுடைய கையில் ஓர் அடி போட்டாள்.

"வயித்துப் பிள்ளையைத் தோண்டிப் பாக்கிறதோ? கையை எடு!"

"உயிரோட இருக்கோ எண்டு பாக்க மாட்டனோ?"

"நீ பாத்தா இருக்காது."

மாரிக்காற்று திரும்பியது. மேலிடத்து வாகனம் வருகிற நாளுக்குக் கொஞ்சம் முன்னால், முதல் தூறல் விழுந்த காலையில், சலோமை பாலைப் பைகளுக்குப் பக்கத்திலிருந்து கத்தினாள். நான் பாம்பாக்கும் என்று தடியோடு ஓடினேன். அவள் மண்ணில் நெடுஞ்சாண்கிடையாகக் கிடக்கிறாள். முகத்துக்கு நேரே ஒரு பையில், கொட்டைக் கோதைத் தொப்பி போலத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பாலை முளை. பக்கத்துப் பையில் இன்னொன்று. அந்த வரிசையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. எல்லாம் இல்லை, பாதிகூட இல்லை. ஆனால் மேடை வெறுமை இல்லை.

மேலிடத்திலிருந்து வந்தவர் ஒரு பெண். பெரிய மிஸ் என்று கூப்பிட்டோம். மெதுவாக நடந்து எல்லாவற்றையும் பார்த்தார். வாளியில் விளாவைப் பார்த்தார், முசுட்டைக் கொடியைத் தொட்டுப் பார்த்தார். பாலை வரிசைக்கு வந்து நின்றார்.

"பாலை ஏன் இவ்வளவு பிந்தினது? விதை முந்தியே வந்ததாத்தானே கேள்வி."

ஐயா தொண்டையைச் செருமினார். நான் ஏதோ மழையைச் சாட்டிச் சொல்ல வாயெடுத்தேன். மடுவில் மெய் சொன்ன அதே நான்தான்! மற்றவளுடைய அடுப்பு என்று வந்தால் மனம் அப்படித்தான் வழுக்கும். அதற்குள் சலோமை முன்னுக்கு வந்துவிட்டாள். நான் அவளுடைய காலை மிதித்தேன். அவள் காலை இழுத்துக்கொண்டு சொன்னாள்:

"முதல் விதைக்கு நான் உப்புப் போட்டனான் மிஸ்."

"என்ன போட்டனீங்கள்?"

"உப்பு மிஸ். எறும்பு மொய்ச்சது. கருவாட்டுக்குப் போடுற மாதிரி, படை படையா."

பெரிய மிஸ் அவளைப் பார்த்தார், ஐயாவைப் பார்த்தார். பிறகு ஒரு கையால் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "இவ்வளவு காலத்தில இப்படி ஒண்டு நான் கேள்விப்படேல்லை" என்றார். பிறகு இரண்டாவது விதை எங்கேயிருந்து வந்ததென்று கேட்டார். சலோமை மடுவில் நடந்ததை நேர்த்தி, மெழுகுதிரி, ஒட்டின உதடு எல்லாவற்றோடும் சொன்னாள். சொல்லி முடிய, "என்னை நிப்பாட்டிறதெண்டா நிப்பாட்டுங்கோ மிஸ். மற்றவையை விடுங்கோ" என்றாள்.

பெரிய மிஸ் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் திரும்பினார். "நீங்கள்தானே பொறுப்பு? அடுத்த வருஷமும் நடத்திறதெண்டா, விதை வேலையை ஆரிட்டக் குடுப்பியள்?"

என் வாயிலிருந்து ஒரு பேர்தான் வந்தது.

"சலோமையிட்ட."

"உப்புக்காரியிட்டயோ?" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

"ஓம் மிஸ். மற்றவைக்கு இன்னும் ஒரு பிழையும் நடக்கேல்லை. என்ன பிழை விடப்போகினம் எண்டு எனக்குத் தெரியாது. இவள் விடமாட்டாத பிழை ஒண்டு எனக்கு நிச்சயமாத் தெரியும்."

பெரிய மிஸ் தலையை ஆட்டினார். வாகனத்தில் ஏறும்போது ஐயாவிடம் ஏதோ சொன்னார். ஐயா எங்களைப் பார்த்து, சரிவந்துவிட்டது என்று கையை உயர்த்திக் காட்டினார். சலோமை அந்த இடத்திலேயே மண்ணில் இருந்துவிட்டாள். ரஹீமா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் நன்றிச் செபம் சொன்னேன். அன்று எல்லோருடைய வாயும் நன்றாகத் திறந்தது.

இவ்வளவையும் உங்களுக்கு ஏன் எழுதினேன்? நீங்கள் என்னை விடப் படித்தவர்கள். எந்த விதையைக் காய வைப்பது, எதை ஈரத்தோடு போடுவது என்பதெல்லாம் உங்கள் பாடத்திலேயே வந்துவிடும். ஆனால் உங்களில் ஒருவர் என்றைக்காவது ஒரு பெரிய பிழை விடுவார். அன்றைக்கு மற்றவர்கள் அவரை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் இந்த நாற்றுமேடை நிற்கும். ஆண்டவர் உங்களுக்கு நல்ல மழையும் நல்ல மனமும் தரட்டும்.

சலோமை பொறுப்பெடுத்த முதல் நாளையும் சொல்லிவிடுகிறேன். விதைக் கொட்டில் வாசலில் ஒரு வாளி தண்ணீர் வைத்தாள். கை கழுவாமல் ஒருவரும் உள்ளே போகக்கூடாது என்றாள். நாங்கள் சிரித்துக்கொண்டு கழுவினோம். மத்தியானம் ஐயா சாப்பாட்டுப் பார்சலோடு உள்ளே வரப் பார்த்தார். சலோமை இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஐயா, உதுக்குள்ள கருவாட்டுப் பொரியல் இருக்கோ?"

"இருக்கு. ஏன்?"

"வெளியில வைச்சிட்டு வாங்கோ."

ஐயா பார்சலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வெளியே போய் வேலிக் கம்பில் கொழுவிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.